தார் சுற்றியவளின் பெயர்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு பவானி ஜமுக்காளம் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைப் பட்டையாய் இருக்கும். அம்மா கல்யாணமாகி ஆலங்குளம் வந்தபோது அம்மாச்சி வாங்கிக் கொடுத்தது. விருந்தாள் வந்தால் விரிப்போம். சாவு வீட்டுக்கு, சடங்கு வீட்டுக்கு என்று பக்கத்து வீட்டார் இரவல் கேட்டு வாங்கிப் போவார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஓரம்தான் நைந்திருக்கிறது, நடு அப்படியே இருக்கிறது. "யாரு நெஞ்சதோ, கை வாழ்க" என்று அம்மா ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் சொல்வாள். யார் நெய்தது என்ற கேள்வியை நான் நிஜமாகவே கேட்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான்.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துவிட வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்ததால் வெளியூருக்குத் தெரிந்த ஊர். ஒரு பக்கம் ராஜபாளையம், ஒரு பக்கம் சிவகாசி, ஒரு பக்கம் வெம்பக்கோட்டை. காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றால் இந்தப் பகுதிப் பெண்களின் உழைப்பு வரலாறு வேன் வேனாகக் கிளம்பிப் போவதைப் பார்க்கலாம். பட்டாசுக்கு ஒரு வேன், தீப்பெட்டிக்கு ஒரு வேன், நூற்பாலைக்கு ஒரு பேருந்து, சத்திரப்பட்டி மருத்துவத் துணித் தறிகளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ. எல்லாவற்றிலும் பெண்கள். எல்லார் கையிலும் தூக்குச்சட்டி.

நெசவைப் பற்றி நாம் படித்த வரலாற்றில் இந்தப் பெண்கள் இல்லை. அதில் நெசவாளி என்றால் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண். அவனுடைய சாதி, அவனுடைய தறி, அவனைக் கெடுத்த ஆங்கிலேயன், அவனைக் காக்க வந்த சங்கம், அவனுக்கு எதிரியான விசைத்தறி. அவன் வீட்டுத் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்திருப்பவள் புகைப்படத்தின் ஓரத்தில் வருவாள். படத்தின் கீழே அவள் பெயர் இருக்காது. இந்தக் கட்டுரை அந்த ஓரத்திலிருந்து தொடங்குகிறது.

*

நூலிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் நெசவு தறியில் தொடங்குவதில்லை.

எங்களுடையது கரிசல் பூமி. வானம் பார்த்த இந்த மண்ணில் காலங்காலமாகப் பருத்தி விளைந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் அது தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தது. கருங்கண்ணிப் பருத்தியின் பெயர் இங்குள்ள பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதற்கு இந்தப் பருத்தியே முக்கியக் காரணம். அந்தப் பருத்தியைச் செடியிலிருந்து எடுத்தவர்கள் பெண்கள். குனிந்த முதுகும் மடியில் கட்டிய துணியுமாய், காய்ந்த காய் முனை கிழித்த விரல்களுமாய் எடுத்தார்கள். ஆண் உழுதான், விதைத்தான், வண்டி கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனான். பருத்தி எடுப்பது மட்டும் பொம்பளை வேலை. அதனாலேயே அதன் கூலி எப்போதும் குறைவு.

கொட்டையை நீக்குவதும், பஞ்சைப் பட்டுப்போலப் பிரிப்பதும், நூலாக நூற்பதும் பெண் வேலையாகவே இருந்தன. இது மிகப் பழைய ஏற்பாடு. சங்கப் பாடல்களிலேயே நூல் நூற்பவள் பெண்தான். புறநானூற்றில் அவள் சிறு விளக்கொளியில் இரவில் விழித்திருந்து வேலை செய்கிறாள். நற்றிணையில் அவள் ஆண் துணை இல்லாதவள், தன் உழைப்பால் பிழைப்பவள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் காட்சியில் ஒரு சமூகச் செய்தி இருக்கிறது. நூற்பு என்பது கணவனை இழந்தவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும், நிலம் இல்லாதவளுக்கும் சோறு போட்ட தொழில். நெசவு குறிப்பிட்ட சில சாதிகளின் தொழிலாக இருந்தது: சாலியர், கைக்கோளர், தேவாங்கர், சௌராஷ்டிரர், முரட்டுத் துணி நெய்த பறையர். நூற்புக்கு அப்படி வேலி இல்லை. பல சாதிப் பெண்களும் நூற்றார்கள். ராட்டைக்கு மூலதனம் வேண்டாம், வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். ஒரு தறி ஓட நாலைந்து ராட்டைகளாவது சுற்ற வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு நெசவாளியின் பின்னாலும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள்.

அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?

1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக ஏகபோகம் முடிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிலாந்து ஆலை நூல் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தது. சீராகவும் மலிவாகவும் இருந்த அந்த நூலை நெசவாளிகள் வாங்கத் தொடங்கினார்கள். அந்நியத் துணி நெசவாளியின் சந்தையைப் பிடுங்கியது என்பது உண்மை. ஆனால் அதே ஆலை நூலைக்கொண்டு நெசவாளி கொஞ்சம் தாக்குப்பிடித்தான், தறி முற்றிலும் சாகவில்லை. ராட்டைக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. நெசவாளிக்கு மலிவாய்க் கிடைத்த நூல், நூற்றவளின் பிழைப்பைப் பறித்த நூல்.

1828-இல் வங்காளத்தில் சாந்திபூரைச் சேர்ந்த, நூல் நூற்றுப் பிழைத்த கைம்பெண் ஒருத்தியின் முறையீடு 'சமாசார் தர்ப்பண்' என்ற இதழில் வெளியானது. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள். மூன்று பெண் குழந்தைகள். ராட்டையை நம்பிப் பிழைத்தாள். நெசவாளிகள் அவள் வாசலுக்கே வந்து நூல் வாங்கிப்போனார்கள். அந்தக் காசில்தான் மகள்களுக்குக் கல்யாணமும் செய்தாள். பிறகு ஒரு நாள் வாசலுக்கு யாரும் வரவில்லை. சீமை நூல் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிகிறது. இவ்வளவு மலிவாக நூற்றுக் கொடுக்கும் அளவுக்கு அந்த ஊர்ப் பெண்கள் எங்களைவிட ஏழைகளா என்று அவள் யோசிக்கிறாள். எதிரியைத் திட்டவில்லை, கடல் தாண்டியும் தன்னைப்போல் ஒரு பெண் ராட்டையோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்து இரக்கப்படுகிறாள். அங்கே நூற்றது இயந்திரம் என்பது அவளுக்குத் தெரியாது.

கரிசல் காட்டில் இப்படி எழுதிவைத்த ஒருத்தியை என்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ராட்டையை இழந்தவள் எங்கே போனாள் என்று ஊகிப்பது கடினமில்லை. களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் போனாள். 1880களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், அடுத்த பத்தாண்டில் மதுரையிலும் ஹார்வி சகோதரர்களின் ஆலைகள் வந்தன. 1936-இல் ராஜபாளையத்தில் முதல் நூற்பாலை வந்தது. வீட்டுத் திண்ணையில் பெண்கள் நூற்ற நூல் ஆலைக்குள் போனபோது, நூற்பு கூலியும் நேரமும் சங்கமும் உள்ள 'தொழில்' ஆயிற்று. 1908-இல் வ.உ.சி. முன்நின்ற தூத்துக்குடிக் கோரல் ஆலை வேலைநிறுத்தம் நம் தொழிலாளர் வரலாற்றின் பெருமைகளில் ஒன்று. ஆலைக்கு முன்னால் அந்த நூலை நூற்றவர்கள் வேலை இழந்தபோது வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அவர்கள் நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டார்கள்.

*

ராட்டை போய்விட்டது என்று சொன்னேன். முழுதும் போகவில்லை. அதன் வேலை மாறியது.

ஆலையிலிருந்து நூல் சிட்டமாக வரும். அதைப் பிரித்து, தறிக்கு ஏற்றபடி சுற்றியாக வேண்டும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு ஒரு வகை. குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு இன்னொரு வகை. ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள். அதற்குத்தான் தார் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசைநாடா பரவியது. கையால் எறிந்த நாடாவைக் கயிறு இழுத்து ஓட்டியபோது நெசவின் வேகம் கூடியது. நெசவாளியின் உற்பத்தி பெருகியதாக எழுதியவர்கள், தார் எவ்வளவு வேகமாகத் தீர்ந்தது என்பதை எழுதவில்லை. தறி வேகமாக ஓடினால் தார் சுற்றுபவளின் கையும் வேகமாக ஓட வேண்டும். தறிக்கு வந்த புதுக் கருவி அவளுக்கு வரவில்லை. அவளுக்கு அதே ராட்டைதான்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு நெசவுத் தெரு. அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியை மூன்று முறை போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்றார். ஒன்பது வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர். கட்டிக்கொடுத்த வீட்டிலும் அதே வேலை.

"என்னென்ன வேலை செய்வீங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"என்ன வேல? அவுக நெய்வாக, நான் கூடமாட இருப்பேன்."

"கூடமாடன்னா?"

பாட்டி சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். விடியுமுன் எழுந்து தெருவில் பாவு நீட்ட ஆள் சேர்ப்பது. கஞ்சி காய்ச்சுவது. கஞ்சி தோய்த்த பாவை வெயில் ஏறுமுன் நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து காயவைப்பது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது. சிட்டத்தை அவிழ்ப்பது, சிக்கெடுப்பது. தார் சுற்றுவது. இதற்கிடையில் சோறு, தண்ணீர், பிள்ளை, மாமியார். சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போனதும் தறியில் இறங்கிக் கொஞ்சம் நெய்வது.

"நீங்களும் நெய்வீங்களா?"

"ஏன், அவுகளுக்குக் காய்ச்சல்னா தறி சும்மா கெடக்குமா? முழுச் சேலையே நெஞ்சிருக்கேன். அவுக பேருலதான் போகும்."

"ஒரு சேலைக்கு எத்தனை தார் ஆகும் பாட்டி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு எண்ணுனா? சேலைய எண்ணுவாங்க. தார எண்ணுறதில்ல."

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஜமுக்காளத்தை எடுத்துப் பார்த்தேன். பவானியில் பெரிய ஜமுக்காளத்தை இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள். ஊடைக்கு மொத்த நூல். அதை அடித்து இறுக்கும்போது பாவு முழுதும் உள்ளே மறைந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் பட்டையும் நிறமும் எல்லாம் ஊடை. ஆக, எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக நாங்கள் உட்கார்ந்தது, படுத்தது, அம்மா மடித்து வைத்தது எல்லாம் யாரோ தாராகச் சுற்றிக்கொடுத்த நூலின் மேல்தான். "யாரு நெஞ்சதோ" என்ற அம்மாவின் கேள்வியில் அவளும் இருக்க வேண்டும்.

*

பவானி ஜமுக்காளத்தின் கதையும் போட்டியில் பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைத் துணி மெல்லிய துணிகளின் சந்தையைப் பிடித்தபோது, பவானியில் ஜங்கமர் சமூகத்து நெசவாளிகள் முரட்டு வண்ண நூலில் விரிப்புகளை நெய்யத் தொடங்கினார்கள். ஆலையால் எளிதில் செய்ய முடியாததைச் செய்து பிழைத்தார்கள். சென்னிமலைப் போர்வை, கரூர்ப் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று வீட்டுக்குள் புழங்கும் துணிகள் கொங்குப் பகுதிக் கைத்தறியைத் தாங்கின. சேலைக்கும் வேட்டிக்கும் கிடைத்த பேரும் புகழும் இவற்றுக்கு இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் துணியைப் பாடிய நாம், படுத்து எழும் துணியைப் பாடவில்லை. வீட்டுக்குள் இருப்பது எதுவுமே அப்படித்தான், வீட்டுவேலை உட்பட.

வீட்டுத் துணியின் ஆயுளை அறிந்தவள் பெண். கைத்தறிச் சேலை நைந்தால் பிள்ளைக்குத் தூளி. தூளி நைந்தால் தலையணைக்கு உறை. அதுவும் போனால் மாதவிலக்குக்குப் பழந்துணி. கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணி. பருத்தி என்பதால்தான் இத்தனை பிறவி அதற்கு: தண்ணீரை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மெதுவாகும், குழந்தையின் உடம்பை உறுத்தாது. நெய்து முடித்த பிறகும் அந்தத் துணியின் மேல் இருபது முப்பது வருட உழைப்பு நடக்கிறது. அதையும் யாரும் எண்ணுவதில்லை.

2005-க்குப் பிறகு பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கூலி கட்டாமல் ஆண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். இன்று பவானிப் பக்கம் தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். இதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பெண்ணுக்குத் தறி எப்போது கிடைத்தது? ஆண் அதை வேண்டாம் என்று எழுந்துபோன பிறகு. ஒரு தொழிலில் கூலி விழுந்தால் அங்கே பெண் வருகிறாள். பெண் வந்துவிட்டாள் என்பதாலேயே கூலி ஏறாமல் நிற்கிறது. இந்தச் சுழலைப் பருத்திக் காட்டில் பார்த்தோம், தறியிலும் பார்க்கிறோம்.

*

நெசவைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்து நாலு முழ வேட்டிக்கு மாறினார். 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானது. ராட்டை தேசத்தின் சின்னம் ஆனது. ஆனாலும் நூற்ற பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். பத்து வருடம் கழித்து 1935-இல்தான், நூற்பவளுக்கு வயிறு நிறையும் அளவுக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று காந்தி அந்தச் சங்கத்தை வலியுறுத்தினார். கூலியை உயர்த்தினால் கதர் விலை ஏறும், விற்காது என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. தேசியத்தின் புனிதத் துணியே பெண்ணின் அரைவயிற்றில் நின்றது என்பதை அந்த விவாதம் வெளியே கொண்டுவந்தது. அதனால் அது எனக்கு முக்கியம்.

அதே 1935-இல்தான் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. கடன்கார வியாபாரியிடமிருந்து நெசவாளியை மீட்கக் கூட்டுறவு வந்தது. அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன. 1950களின் தொடக்கத்தில் கைத்தறி தேங்கிப் பட்டினி வந்தபோது, சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி கேட்டார். 1953-இல் அண்ணாவும் அவர் தோழர்களும் தோளில் துணி சுமந்து தெருவில் விற்றார்கள். 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கினார்கள். பிறகு அது 11 ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றில் படுக்கை விரிப்பும் துண்டும் ஜமுக்காளமும் உண்டு. விசைத்தறி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் விசைத்தறியில் ஓடிய விரிப்பு கைத்தறி என்ற பெயரில் விற்பதை இன்றும் எந்தச் சந்தையிலும் பார்க்கலாம்.

இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் அலகு தறிதான். ஒரு தறி, ஓர் உறுப்பினர், ஒரு பாஸ்புத்தகம். பாவு வாங்குவதும், துணி கொடுப்பதும், கூலி பெறுவதும் அந்த உறுப்பினர். தார் சுற்றும் கூலியும் அந்தத் துணிக் கூலிக்குள்ளேயே அடக்கம். தனியாகக் கணக்கிட்டால்தானே தனியாகக் கேட்க முடியும்? வெளியாள் வைத்துத் தார் சுற்றினால் காசு கொடுத்தாக வேண்டும். மனைவி சுற்றினால் அது குடும்பம். கைத்தறித் துணி அந்த விலைக்கு விற்க முடிவதன் ரகசியம் இதுதான்.

2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35.22 லட்சம். அதில் நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம். மொத்தத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் பெண்கள். நெசவாளி என்றதும் நம் மனதில் ஆண் வருகிறான். எண்ணிக்கையோ பெண்ணைக் காட்டுகிறது. இதில் பெரும்பகுதி அசாம், மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கே நெசவு பெண்ணின் தொழில். இங்கே தார் சுற்றுவது பெண்ணின் இயல்பு, தறி ஆணின் தொழில் என்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இயல்பு என்று ஒன்றும் இல்லை என்பது தெரியும். யார் கையில் தறி இருக்கிறது என்பதை நூல் தீர்மானிப்பதில்லை.

'துணைத் தொழிலாளர்' என்ற தனிப் பிரிவு கணக்கெடுப்பில் இருப்பதே ஒரு முன்னேற்றம். ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று "வீட்டுல யாரு என்ன வேல?" என்று கேட்கும்போது, "அவர் நெய்றாரு, நான் சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வந்தால் அந்தப் பிரிவில் ஓர் எண் குறையும். சும்மாதான் இருக்கேன் என்று சொல்லப் பழக்கியது யார் என்பதுதான் நம் கேள்வி.

*

பாட்டியின் பேத்தி பட்டாசு ஆலைக்குப் போகிறாள். தறியில் அவளுக்கு ஆசையில்லையா என்று கேட்டேன்.

"அங்க எங் கையில காசு தாராங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதி துண்டு வேலைக் கூலியில் வாழ்கிறது. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குரோஸ் கணக்கு. பட்டாசில் திரி வைப்பவளுக்கும் எண்ணிக்கைதான். அந்தக் கூலியும் நியாயமானதில்லை, அந்த இடமும் பாதுகாப்பானதில்லை. 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆபத்தை அறிந்துதான் பேத்தி போகிறாள். அங்கே அவள் செய்ததை யாரோ எண்ணுகிறார்கள், எண்ணியதற்கு அவள் கையில் கொடுக்கிறார்கள். கைத்தறியைக் காக்க அடுத்த தலைமுறை வரவில்லையே என்று வருந்தும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். பாட்டி ஐம்பது வருடம் எண்ணப்படாமல் சுற்றியதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவள் ஏன் வர வேண்டும் என்று அந்தக் கட்டுரைகள் கேட்பதில்லை.

எனக்குக் கைத்தறி அழிய வேண்டாம். பருத்தி விரிப்பின் குளிர்ச்சியை அறிந்தவள் நான். மின்சாரம் அதிகம் தேவைப்படாத, காற்றையும் தண்ணீரையும் பெரிதாகக் கெடுக்காத, ஊரிலேயே இருந்து செய்யக்கூடிய தொழில் அது. ஆனால் மனைவியின் இலவச உழைப்பில்தான் அது நிற்கும் என்றால், அதைப் பாரம்பரியம் என்று சொல்லிக் கொண்டாட எனக்கு மனமில்லை. தார் சுற்றுவதற்கும், பாவு பிணைப்பதற்கும், கஞ்சி போடுவதற்கும் தனித்தனிக் கூலி; அது செய்தவள் கணக்கில் நேராகச் சேர்வது; சங்க உறுப்பினர் பட்டியலில் அவளும் இருப்பது. இவை பெரிய புரட்சி அல்ல. துணியின் விலை கொஞ்சம் ஏறும். 1935-இல் சொன்ன அதே பயத்தை இன்றும் சொல்வார்கள். விலை ஏறட்டும். இதுவரை அந்த வித்தியாசத்தை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள், இனி வாங்குகிற நாம் கொடுப்போம்.

*

மூன்றாம் முறை போனபோது பாட்டி ஒரு காகிதத்தை நீட்டினார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோனது. தனக்குக் கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். "நீங்க நெசவாளர் இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னாராம். பதிவேட்டில் அப்படித்தானே இருக்கும்.

புதிதாக மனு எழுதித் தரச் சொன்னார். பெயர், வயது, முகவரி எழுதினேன். 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். குடும்ப அட்டையைப் பார்த்தேன், 'இல்லத்தரசி' என்று இருந்தது.

"என்ன எழுத பாட்டி?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். ராட்டையில் நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது.

"நெசவுன்னு எழுதினா ஒத்துக்கிருவாங்களா, தாயி?"

எனக்குத் தெரியவில்லை. எழுதினேன். ஒன்பது வயதிலிருந்து, என்றும் சேர்த்து எழுதினேன். என்னென்ன வேலை என்று அவர் சொன்னதை எல்லாம் வரிசையாக எண்போட்டு எழுதியபோது பக்கம் போதவில்லை, பின்பக்கமும் திருப்ப வேண்டியிருந்தது. வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "இம்புட்டு வேலையா செஞ்சிருக்கேன்" என்றார்.

மனுவைக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. நகல் பாட்டி வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் போகும்போது அந்தத் தெருவில் இன்னும் நாலு பேர் மனு எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை பெரிய தாளாக எடுத்துப் போகிறேன்.